தட்டில் இருப்பதும் உடம்பில் சேர்வதும்

சத்து மாத்திரைகள் எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சூழ்ச்சி, நம் மண்ணின் உணவை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு எந்தக் குறைபாடும் வராது என்று சென்ற இதழில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. அதோடு நின்றிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் தன் சாப்பாட்டைப் பற்றி என்ன நம்பினாலும் அது அவர் பாடு. ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதி சர்க்கரை நோயாளிகளையும், சிறுநீரகம் பழுதானவர்களையும், தைராய்டுக்காரர்களையும், மூட்டுவாதக்காரர்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி அனைத்தையும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நிறுத்திவிட்டு முருங்கைக்கீரை சூப், பழைய சோறு, காலை வெயில் மூன்றையும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. கருத்து என்ற பெயரில் எழுதிய மருந்துச் சீட்டு இது. நோயாளியின் முகத்தையும் பார்க்காமல், அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்க்காமல், அவர் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுகூடக் கேட்காமல் பல்லாயிரம் பேருக்கு ஒரே சீட்டை எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஒரு மருத்துவர் இப்படிச் செய்தால் அவருடைய பதிவையே பறிக்கச் சொல்வோம்.

அவருடைய முதல் தூண், பாட்டி. நம் பாட்டிகள் மாத்திரை விழுங்கினார்களா என்று கேட்கிறார். விழுங்கவில்லை, கிடைக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டு. குழந்தைச் சாவுகள்தாம் அந்த எண்ணை இவ்வளவு கீழே இழுத்தன என்பது உண்மை. அந்தக் குழந்தைகளும் அவர்களைப் பெற்ற தாய்மார்களும் மடிந்ததில் சத்துக்குறைவுக்குப் பெரும் பங்கு இருந்தது என்பதும் உண்மை. மெட்ராஸ் மாகாணத்தின் வடகடலோரத்தில் தீட்டிய அரிசிச் சோற்றை நம்பி வாழ்ந்தவர்கள் தயமின் குறைந்து கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து இறந்தார்கள். அந்தப் பெரிபெரியை ஆராயத்தான் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்தக் குன்னூர்க் கூடத்திலிருந்து வளர்ந்ததுதான். நம் முன்னோருக்குக் குறைபாடே இல்லை என்றால் இந்த நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நீலகிரியில் ஒரு குறைபாட்டு நோயை வைத்துப் பிறந்திருக்காது.

அந்தப் பாட்டிகளையே நேரில் பரிசோதித்த ஒருவரும் இருந்தார். பிரிட்டிஷ் மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்து, அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தச்சோகையால் சாவதை ஆராய்ந்தார். குன்னூரிலும், சென்னையில் நாம் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் அந்த வேலையைத் தொடர்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட் என்ற மலிவான சாறைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். இதில் கட்டுரையாளர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அன்று வேறொரு வகை ரத்தச்சோகையைக் குணமாக்கிவந்த, சுத்திகரித்த ஈரல் சாறு இந்தப் பெண்களிடம் பலிக்கவில்லை. இரண்டும் சோகைதான், ஆனால் இரண்டு வெவ்வேறு குறைபாடுகள். ஒன்றுக்கு ஃபோலிக் அமிலம் என்றும் மற்றதற்கு பி12 என்றும் பின்னால் பெயர் வந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன்பே பிரித்தறிந்த இரண்டையும் மறுபடி ஒன்றாகக் குழப்பி, எல்லாவற்றுக்கும் முருங்கைக்கீரை என்று எழுதுவது அறியாமை.

பி12 எந்தக் கீரையிலும் இல்லை. அதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள். நமக்கு வருவது பால், முட்டை, மீன், இறைச்சி வழியாக. ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். இவ்வளவு சிறிய தேவை ஏன் நிறைவேறாமல் போகிறது என்று கேட்டிருந்தால் கட்டுரையாளர் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க மாட்டார். வயிற்று அமிலம் அதை உணவிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். இரைப்பையின் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அதனுடன் சேர வேண்டும். வில்லியம் காஸில் 1929இல் சுட்டிக்காட்டிய புரதம் அது. பிறகு சிறுகுடலின் கடைசிப் பகுதி, கால்சியத்தின் துணையோடு, அந்த இணையை உள்ளே இழுக்க வேண்டும். இந்தப் படிகளில் எது கெட்டாலும், வாய்க்கால் தூர்ந்த வயலுக்கு அணையைத் திறந்துவிட்ட கதைதான். சர்க்கரை நோய்க்கு முதல் மருந்தாக உலகெங்கும் தரப்படும் மெட்ஃபார்மின் கடைசிப் படியில் குறுக்கிடுகிறது. நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படும் பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற ‘கேஸ் மாத்திரைகள்’ முதல் படியையே பலவீனப்படுத்துகின்றன. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் எத்தனை பேர் நம் தெருவில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நெதர்லாந்தில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் 390 சர்க்கரை நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மெட்ஃபார்மினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து நான்கு ஆண்டுக்கு மேல் பார்த்தார்கள். மெட்ஃபார்மின் தரப்பில் ரத்தத்தின் பி12 அளவு, மற்றத் தரப்போடு ஒப்பிட 19 விழுக்காடு குறைந்தது. 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது. 2022இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பி12 குறைபாட்டை மெட்ஃபார்மினின் பரவலான பக்கவிளைவாகவே அறிவித்தது. மருந்துக் கம்பெனிச் சூழ்ச்சி என்கிறவர் இதையும் விளக்க வேண்டும்: மருந்தே சத்தைக் குறைக்கிறது என்று மருத்துவ உலகம் தானாகத் தேடிக் கண்டுபிடித்து, தானாக ஒப்புக்கொண்டு, சோதித்துப் பாருங்கள் என்று எச்சரிக்கை விடுகிறதே, இது எந்தச் சூழ்ச்சி?

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் என் அத்தையும் ஒருவர். காலில் செருப்பு கழன்றது தெரியாமல் வீதியில் நடந்துபோய், யாரோ கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தார். பாதம் எரிகிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்று அதற்கு முன்பே வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரை இருந்தால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் அடக்கிவிட்டோம். சர்க்கரையால் நரம்பு கெடும், பி12 குறைந்தாலும் நரம்பு கெடும். இரண்டின் குரலும் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டாவது யாருக்கும் கேட்பதில்லை. ரத்தச்சோகை வராமலேயே நரம்பு கெடலாம். காலம் கடந்துவிட்டால் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஊசி போட்ட பிறகு அத்தைக்கு எரிச்சல் குறைந்தது. மரத்த விரல்கள் மரத்தவையாகவே இருக்கின்றன. 48 நாள் நிறுத்திப் பாருங்கள் என்று எழுதும்போது இப்படிப்பட்ட விரல்களை வைத்துத்தான் கட்டுரையாளர் சூதாடுகிறார். தோற்றால் அவருக்கு ஒரு நகமும் போகாது.

பழைய சோற்றைப் பற்றி அவர் தந்திருக்கும் எண்ணும் எனக்குப் பழக்கமானதுதான். சமூக ஊடகங்களில் பல காலமாகச் சுற்றுகிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்பு, ஓர் இரவு ஊறினால் 73.91 மில்லிகிராமாக ஆகிவிடுமாம். இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரும் அதைப் புதிதாகச் செய்ய முடியாது. ஊறும்போது, இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டிக் அமிலம் குறைந்து, இருக்கிற இரும்பு கொஞ்சம் எளிதாக உடலில் சேரலாம். அது நல்ல விஷயம், அதற்காகச் சாப்பிடுங்கள், நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். பானைக்குள் இல்லாத எழுபது மில்லிகிராம் இரும்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கும். அதைக் கேட்காமல் அச்சேற்றியவர், ரத்தச்சோகையுள்ள ஒரு பெண்ணின் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் தகுதியை எங்கிருந்து பெற்றார்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 53.4 விழுக்காட்டினருக்கு, ரத்தச்சோகை இருக்கிறது. அவர்களுக்கு அவர் கொடுத்திருப்பது ஒரு பொய்க் கணக்கு.

நாட்பட்ட நோய் சேர்ந்துகொண்டால் இரும்பின் கதை இன்னும் சிக்கலாகிறது. மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறு போல உடலில் அழற்சி ஓயாமல் இருக்கும் நோய்களில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது குடல் இரும்பை உள்ளே விடுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே சேமிப்பில் இருப்பதையும் வெளியே வரவிடாமல் பூட்டுகிறது. கீரையைக் குவித்தாலும் பலன் சொற்பம். சில சமயம் மாத்திரைக்கே பலன் குறைந்து, சிரை வழியாக இரும்பு ஏற்ற வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு இரும்பு குறைந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சத்தை நிறுத்தினால் இன்னொரு நோயின் கணக்கே தப்பாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் என்னை உண்மையில் பயமுறுத்திய இடம் சிறுநீரக நோயாளிகளுக்குச் சொன்ன பகுதி. தினம் இரண்டு வேளை கீரை சூப், நடுவில் இளநீர் என்கிறார். கீரையிலும் இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடம் மாறும், நின்றும்போகும். அதனால்தான் பொட்டாசியம் ஏறிய சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரையைக்கூட நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடக் கற்றுத்தருகிறார்கள். கொட்ட வேண்டிய அந்தத் தண்ணீரைத்தான் இவர் சூப் என்று குடிக்கச் சொல்கிறார்.

வெயிலைப் பற்றியும் அதே அலட்சியம். தோலில் வெயில் பட்டு உண்டாகும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் ஒரு மாற்றம், பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் நடந்தால்தான் அது செயல்படும் வடிவம் பெறும். சிறுநீரகம் தளர்ந்தால் அந்தக் கடைசி மாற்றம் குறைகிறது, பாரா தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்து எலும்பை அரிக்கிறது. அந்த நோயாளி நாளெல்லாம் மொட்டைமாடியில் நின்றாலும் அந்தக் குறை தீராது. தேவைப்படுகிறவருக்குச் செயல்படும் வடிவத்தையே மாத்திரையாகத் தருகிறார்கள். லூபஸ் நோயாளிக்கோ வெயிலே எதிரி. வெயில் பட்டால் தோலும் மூட்டும் சில சமயம் உள்ளுறுப்புகளுமே கொந்தளிக்கும். அந்த நோயை அடக்க ஸ்டீராய்டு சாப்பிடுவதால் எலும்பும் மெலிகிறது. வெயிலுக்கும் போக முடியாமல், எலும்பையும் இழந்துகொண்டிருக்கும் ஓர் இளம்பெண்ணிடம் கால்சியத்தையும் டியையும் நிறுத்திவிட்டுக் காலை வெயிலில் நில் என்று சொல்வது கொடுமை. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அவரிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. பெரிய ஆய்வுகள் பலவற்றில் சத்து மாத்திரைகளால் பலனில்லை என்று தெரிந்திருக்கிறது என்கிறார். தெரிந்திருக்கிறதுதான். அமெரிக்காவில் 25,871 பேருக்கு நடந்த வைட்டல் ஆய்வில் வைட்டமின் டி புற்றுநோயையோ மாரடைப்பையோ தடுக்கவில்லை. எலும்பு முறிவையும் தடுக்கவில்லை என்று 2022இல் எழுதினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியது, அது 1994. வைட்டமின் டியின் குறைபாட்டு எல்லை எது என்பதிலும் நிபுணர்களிடையே நெடிய சச்சரவு உண்டு. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் எல்லோருக்கும் டி அளவைப் பார்த்து, எல்லோருக்கும் குறைவென்று எழுதிக்கொடுக்கும் வியாபாரத்தை நானும் வெறுக்கிறேன். அளவு தெரியாமல் டி ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்குச் சாதாரணச் சத்து மாத்திரையில் இருக்கும் வைட்டமின் ஏகூட உடலில் தேங்கி நஞ்சாகும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: அந்த ஆய்வுகள் குறைபாடு உள்ளவர்களைத் தேடிப்பிடித்து நடத்தியவை அல்ல. பெரும்பாலும் போதுமான சத்தோடு இருந்த பொதுமக்களுக்கு மேலும் கொடுத்தால் கூடுதல் நன்மை உண்டா என்று பார்த்தவை. தாகமில்லாதவருக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை என்ற முடிவை எடுத்துவந்து, நா வறண்டு கிடப்பவரின் சொம்பைப் பிடுங்குகிறார் கட்டுரையாளர். ஆய்வைப் படிக்கத் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று எனக்குத் தெரியாது. மாத்திரை சாப்பிடுகிற நோயாளிக்கு இரண்டும் ஒரே தீங்குதான்.

சத்து மாத்திரை மேற்கத்தியத் தந்திரம் என்ற வரியைப் படித்தபோது எல்லாப்பிரகட சுப்பாராவ் நினைவுக்கு வந்தார். பீமாவரத்தில் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குடலில் சத்தே உறிஞ்சப்படாமல் போகும் ஸ்ப்ரூ நோய்க்குத் தன் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். உண்ட உணவும் அவர்கள் உடம்பில் சேரவில்லை. சுப்பாராவ் அமெரிக்காவுக்குப் போனார்; அங்கே லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் வேலை செய்த குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டியது. அதே ஆய்வகத்தில், அதே ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்துகளும் பிறந்தன. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான் இன்று மூட்டுவாதக்காரர்கள் வாரம் ஒருமுறை சாப்பிடுகிறார்கள்; அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களிடம் ஃபோலிக் அமிலத்தை நிறுத்துங்கள், மருந்தை வேண்டுமானால் தொடருங்கள் என்று எழுதியிருக்கிறார் இவர். வாய்ப்புண்ணும் குமட்டலும் வந்து, கல்லீரல் அளவுகள் ஏறி, கடைசியில் மெத்தோட்ரெக்ஸேட்டையே நிறுத்த வேண்டிவந்தால், அந்த மூட்டுகளுக்கு யார் பொறுப்பு?

உணவே மருந்து என்பதைச் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பாதியை நல்ல சாப்பாடும் ஓய்வும் தரும் சானடோரியத்திலும், மறுபாதியை அவரவர் ஏழை வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மிக மோசம். ஆனாலும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. அந்தக் கண்டுபிடிப்பு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் மாத்திரையால் வரும் நரம்புக் கோளாறைச் சிறிதளவு பி6 தடுக்கும் என்பதையும் அதே மையம் ஆராய்ந்து எழுதியது. இந்தப் பி6 மாத்திரையைத்தான் காசநோயாளிகள் இன்றும் கூடவே சாப்பிடுகிறார்கள். அதற்காக உணவு வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப்பொருளும் சத்து மாத்திரையும் கொடுத்து நடத்திய ஆய்வில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. 2023இல் வெளிவந்த முடிவு. அரிசியும் பருப்பும் மாத்திரையும் ஒரே பையில் போயின. உணவா மருந்தா என்ற சண்டையை அந்த வீடுகளில் யாரும் போடவில்லை.

இந்த மாத்திரைகளோடு வாழ்வது எவ்வளவு பெரிய வேலை என்று கட்டுரையாளருக்குத் தெரியுமா? தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, காபிக்குக்கூட அரை மணி, ஒரு மணி காத்திருக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக்கூடாது. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் வீண். எலுமிச்சைச் சாறோடு விழுங்கினால் நல்லது. மலம் கறுத்தால் பயப்படாமல் இருக்கவும், மலச்சிக்கல் வந்தால் மாத்திரையைக் கைவிடாமல் மருத்துவரிடம் வேறு வகை கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு நோய், எட்டு மாத்திரை, கண் மங்கிய வயது, அரசு மருத்துவமனையின் நீண்ட வரிசை. தனியார் ஆய்வகத்தில் பி12 பார்க்கப் போனால் ஒரு நாள் கூலியே போய்விடும். இதையெல்லாம் சமாளித்து, அட்டையில் நேரம் எழுதி, டப்பாவில் பிரித்துவைத்துச் சாப்பிடுகிறவர்களைச் சோம்பேறிகள், சமைக்கச் சோம்பிய குடும்பத்துப் பெண்கள் என்கிறார். என்னால் மன்னிக்க முடியாத வரி அதுதான். குடல் உறிஞ்ச மறுப்பதும், சிறுநீரகம் மாற்றித்தர மறுப்பதும், மருந்து குறுக்கே நிற்பதும் நோயாளியின் ஒழுக்கக் கேடு ஆகாது.

மருந்துக் கம்பெனிகள்மேல் அவருக்கு இவ்வளவு கோபம் இருந்தால் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மெட்ஃபார்மினை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நெடுங்காலமாக அதைச் சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் இலவச பி12 பரிசோதனையும் அதே வாசலில் கிடைக்க வேண்டும் என்று எழுதட்டும்; நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன், கட்டுரையைப் படித்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உடனே தங்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் கீரை சூப்பையும் இளநீரையும் இன்றே நிறுத்திவிட்டு ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும். 48 நாள் சீட்டைக் கட்டுரையாளர் எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். அந்த மறுப்பை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அடுத்த இதழிலேயே ஆசிரியர் அச்சிட வேண்டும்.